வேட்டி கேட்ட சித்தாள்

இடது கண்ணை மூடுவாள். முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலையை ஒரு விரற்கடை வலப்பக்கம் சாய்த்து, எதிரே நிற்கும் சுவரின் ஓரத்தை அடியிலிருந்து உச்சிவரை ஒரே மூச்சில் பார்ப்பாள். சுவர் நேராக இருந்தால் முந்தானை பல்லிலிருந்து நழுவும், நடந்துவிடுவாள். கோணலாக இருந்தால் ‘த்சு’ என்று ஒரு சத்தம். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து தியாகராய நகருக்கு வேலைக்கு வந்து சேர்வதற்குள் செண்பகம் குறைந்தது பத்து ‘த்சு’ கொட்டிவிடுவாள். பாண்டி பஜாரில் புதிதாக மாடி எழுப்பியிருந்த ஜவுளிக் கடைக்காரரைப் பார்த்து ஒரு நாள், “மொதலாளி, ஒம் மாடி கெழக்கால சாஞ்சிக்கினு கீது. ஆளு தலைல வுழறதுக்கு முன்னால பாத்துக்க” என்று போகிற போக்கில் சொன்னாள். காலை வேளையில் இப்படி ஒரு வாக்கா என்று அவர் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் கடை வாசலில் அவரே நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டவர்கள் உண்டு.

நூலில் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டு இல்லாமல் எப்படித் தெரிகிறது என்று கேட்டால், “வயித்துல ஒண்ணு பொரளும் நைனா. செவுரு கோணினா எனக்கு சோறு எறங்காது” என்பாள். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

வயது முப்பத்தைந்து இருக்கலாம். விரல் இடுக்குகளைச் சுண்ணாம்பு தின்றிருக்கிறது. சாந்துப் பாண்டு உட்காரும் உச்சந்தலையில் மயிர் தேய்ந்து வழுக்கை விழுந்துவிட்டது. சித்தாள் வேலைக்கு அவள் கஷ்ட ஜீவனத்தால் வந்து விழவில்லை. நிழலில் இருந்துவிட்டு, தானாக வெயிலுக்கு வந்தவள். அதைத்தான் ஒருவராலும் மன்னிக்க முடியவில்லை.

முன்பு மயிலாப்பூரில் சுந்தரவல்லி அம்மாள் வீட்டில் ஆயா. இரண்டு வேளைச் சாப்பாடு, தீபாவளிக்குப் புடவை, மத்தியானம் கூடத்தில் ஒரு தூக்கம். குழந்தை அவள் இடுப்பைவிட்டு இறங்காது. மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு அந்த வீட்டுக் கொல்லைச் சுவர் மழையில் சரிந்து, சரிசெய்ய ஒரு கொத்தனார் வந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செண்பகம் நாள் பூராவும் அவர் பின்னால் நின்றாள். சாந்தை இழுத்துப் பரப்பி, செங்கல்லை உட்காரவைத்து, கரண்டிக் காம்பால் அதன் தலையில் ‘டக்’கென்று ஒரு தட்டு. “அந்த சத்தம் காதுல வுழுந்துச்சு பாரு, என் நெஞ்சு அங்கயே குந்திக்கிச்சு. அப்பால அத்த எழுப்ப முடியல” என்பாள். மறு வாரமே வேலையை விட்டாள். கிண்டியில் குதிரை லாயத்தில் வேலை பார்க்கும் புருஷன், “சோத்துப் பானைய எட்டி ஒதைச்சிட்டு வந்துகீறா பாரு மகராணி” என்று தெருவைக் கூட்டினான். அவள் சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டு நாகராஜ் மேஸ்திரியிடம் போய் நின்றாள்.

சேர்ந்து ஐந்து வருஷம் ஆயிற்று. ஐந்து வருஷமும் கல்லும் சாந்தும் சுமந்ததுதான் மிச்சம். கரண்டி கைக்கு வரவில்லை. பொம்பிளை கரண்டி பிடிக்கக் கூடாதாம். யார் எழுதி வைத்த சட்டம் என்று கேட்டால் மேஸ்திரிக்கும் தெரியாது. அவருக்குச் சொன்ன மேஸ்திரிக்கும் தெரிந்திருக்காது. செங்கல் அவள் தலையில் இருக்கும்வரை ஒரு குற்றமும் இல்லை. அதே செங்கல்லை அவள் கை சுவரில் வைத்தால் குடி முழுகிவிடும். மாம்பலத்தில் முளைக்கிற பங்களாக்களில் எத்தனை இவளைப்போன்ற தலைகளின்மேல் ஏறி வந்தன என்று ஒரு வீட்டுக்காரராவது நினைத்துப் பார்த்ததுண்டா? வாசலில் பெயர்ப் பலகை மாட்டத்தான் அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

யுத்தம் முடிந்த மறு வருஷம், சுந்தரவல்லி அம்மாளே தியாகராய நகரில் மனை வாங்கி வீடு கட்டினாள். வேலை நாகராஜ் மேஸ்திரி கைக்கு வந்தது. சித்தாள் வரிசையில் செண்பகத்தைப் பார்த்ததும் அம்மாள், “ஆத்துல ராணி மாதிரி வச்சிண்டிருந்தேன். இப்போ நன்னா மண்ணு சுமக்கறியா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. நல்லா கீது” என்றாள் செண்பகம். அது உண்மையாக இருந்ததுதான் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் வைத்தாயிற்று. இருபது நாள்தான் பாக்கி. கிணற்றோரத்துக் குளியலறைச் சுவர் இன்னும் எழும்பவே இல்லை. அந்தச் சமயம் பார்த்து சைதாப்பேட்டையில் மேஸ்திரியின் பங்காளி ஒருவர் கண்ணை மூடினார். மேஸ்திரியும் கொத்தனார்கள் மூன்று பேரும் சாவுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவன் பொன்ராஜ் ஒருவன். நல்ல வேலைக்காரன்தான், ஆனால் சுண்ணாம்பு கடித்து வலது கை வெந்து, கந்தல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழைத்த சாந்து பாண்டில் காய்ந்துகொண்டிருந்தது.

“எடு கரண்டிய” என்றாள் செண்பகம்.

“அக்கா, மேஸ்திரி கொன்னுடுவாரு.”

“சாவூட்ல கீறவரு இங்க வந்தா கொல்லப் போறாரு? நீ சாந்து கொண்டா. இன்னைக்கு நீதான்டா சித்தாளு!”

பொன்ராஜ் சிரித்துவிட்டான். இடது கையால் பாண்டைத் தூக்கினான். அன்று பொழுது சாய்வதற்குள் சுவர் இடுப்பு உயரம் வந்துவிட்டது. பதினோரு வரிசை. ஒவ்வொரு கல்லையும் தட்டிவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டுதான் அடுத்ததை எடுத்தாள் என்று பொன்ராஜ் சொன்னான்.

மறுநாள் நாகராஜ் மேஸ்திரி வந்து பார்த்தார். முகம் கறுத்தது. தூக்குக்குண்டை இந்த மூலையில் விட்டார், அந்த மூலையில் விட்டார், நடுவில் விட்டார். நூல் சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கிற்று. பிழை கண்டுபிடிக்க முடியாத ஆத்திரத்தில், “யாரக் கேட்டு கை வச்ச?” என்று கத்தினார்.

“குண்டு வுட்டுப் பாத்தியே மேஸ்திரி, அத்தக் கேளு. கோணலா கீதுன்னு சொல்லு, நானே இடிக்கறேன். பொம்பள வச்சான்னு இடிச்சா வுட மாட்டேன், ஆமா!”

வேலையைப் பார்க்க வந்த சுந்தரவல்லி அம்மாள் காதில் இது விழுந்தது. “பொம்மனாட்டி வச்ச சுவரா? புது ஆத்துக்கு ஆகுமோ ஆகாதோ, நமக்கெதுக்கு? இடிச்சுட்டு முறையாக் கட்டச் சொல்லுங்கோ” என்றாள்.

செண்பகம் இரண்டு கையையும் விரித்து அவள் முன்னால் நீட்டினாள். “ஒங்க கொழந்தைய மூணு வருசம் இந்தக் கையாலதானேம்மா வளத்தேன்? புள்ளைக்கு ஆன கை செவுருக்கு ஆவாதா?”

அம்மாள் மேஸ்திரியைப் பார்த்து, “இவளை முதல்ல வெளியில அனுப்புங்கோ” என்றாள். மேஸ்திரி செண்பகத்தை மந்தைவெளியில் நடந்துகொண்டிருந்த இன்னொரு வேலைக்கு அனுப்பிவிட்டு, சுவரை இடித்துக் கட்டும்படி பொன்ராஜிடம் சொன்னார். நாலைந்து நாளில் அவனுக்குக் கை ஆறிற்று.

கிரகப்பிரவேசத்தன்று வேலைக்காரர்களுக்கு மரியாதை செய்வது வழக்கம். கொத்தனாருக்கு வேட்டி, சித்தாளுக்கு ரவிக்கைத் துணி. வழக்கப்படி கொத்தனார்கள் நாலு பேரும் தாழ்வாரத்தில் ஒரு வரிசையாகவும், சித்தாட்கள் கிணற்றடியிலும் உட்கார்ந்தார்கள். செண்பகம் மந்தைவெளியிலிருந்து குளித்து, தலைவாரி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். நேரே தாழ்வாரத்துக்குப் போய்க் கொத்தனார் வரிசையில் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்துகொண்டாள்.

சுந்தரவல்லி அம்மாள் தாம்பாளத்தோடு வந்தாள். நாலு வேட்டி கொடுத்து முடிந்ததும் ரவிக்கைத் துணியை எடுத்து இவள் பக்கம் நீட்டினாள். செண்பகம் கை நீட்டவில்லை.

“வேட்டி குடுங்கம்மா.”

“என்னது?”

“செவுரு வச்சேன் இல்ல? வேட்டி குடுங்க.”

கூடத்தில் கதர்ச் சட்டைக்காரர்கள் சிலர் வெற்றிலை மடித்துக்கொண்டு, சுயராஜ்யம் வாசல்வரை வந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். “இடிச்ச சுவருக்கு வேட்டி கேக்கறாளே, எந்த ஊர் நியாயம்?” என்றார் ஒருவர்.

“இடிக்கறதுக்கு அங்க ஒரு செவுரு இருந்துச்சில்ல சாமி?” என்று அவர் பக்கம் திரும்பினாள். “அத்த வச்சது யாரு?”

அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். வேட்டி வரவில்லை. “திமிரைப் பாரு” என்று மட்டும் சொல்லி அம்மாள் ரவிக்கைத் துணியை அவள் மடியில் போட்டாள். செண்பகம் அதை எடுத்து, நாலாக மடித்து, தாழ்வாரத் தரையில் வைத்தாள். இலை போடும்முன்பே எழுந்து போய்விட்டாள். நாகராஜ் மேஸ்திரி கட்டியிருந்த வேட்டியின் கரையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாலு கொத்தனார்களில் ஒருவன், ஒரே ஒருவன், அன்று வாயைத் திறந்திருக்கக் கூடாதா? வேட்டி மடியில் விழுந்தபின் வாய்க்கு என்ன வேலை!

அப்படித்தான் அந்தச் சமாசாரம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு மழைக்காலம் கழிந்த பிறகுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. அடையாற்றில் வேறொரு மேஸ்திரியின் வேலையில் பொன்ராஜும் செண்பகமும் இருந்தார்கள். அவன் கொத்தனார், அவள் அதே சித்தாள். மத்தியானம் சோறு தின்னும்போது, தலையைக் குனிந்தபடியே அவன் சொன்னான். சுவரை இடிக்க அவனுக்குக் கை வரவில்லையாம். குறுக்கே கோணியைக் கட்டித் தொங்கவிட்டு, உடைசல் கற்களை நாள் முழுக்கத் தட்டிச் சத்தம் காட்டினானாம். கண்துடைப்புக்குப் பெயர்த்தது மேல் இரண்டு வரிசை மட்டும்தான். மற்ற ஒன்பது வரிசையும் அவள் வைத்தபடியே இருக்க, அதன்மேல்தான் மிச்சச் சுவரைக் கட்டினானாம்.

அவள் கண் கலங்குவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

செண்பகம் வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள்.

“அந்த ரெண்டு வரிச இன்னாடா பாவம் பண்ணிச்சு?” என்று கேட்டாள். கையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவன் தூக்குவாளிப் பக்கத்தில் கிடந்த கரண்டியை எடுத்துக்கொண்டு, புது மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூங்கில் சாரத்தில் ஏறினாள்.