பூனையின் பக்கத்தில் பட்டாசுப் பாட்டு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு மாமா என்றுதான் பெயர். வீட்டில் அவர் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் வைத்த பெயர் அது. மெல்லப் பரவி வாட்ச்மேன் வாயிலும், தண்ணீர் கேன் போடுகிறவர் வாயிலும் ஏறி, கடைசியில் அவரைவிட மூத்தவரான பிளம்பரே "மாமா, குழாய் ஒழுகுதா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

முன்பு அவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரர். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். மகள் பிறந்தபோது இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிலை. யாருடைய வேலையை விடுவது என்று யோசித்துப் பார்த்து, அவர் கரண்டியைக் கீழே வைத்தார். நூற்றுக்கணக்கான பேருக்கு அலட்டிக்கொள்ளாமல் சமைத்துப் போட்டவர், ஒரே ஒரு கைக்குழந்தைக்கு ஒரு கிண்ணம் ஊட்டி முடிப்பதற்குள் வேர்த்து விறுவிறுத்துப் போனார். ஆனாலும் கை பழகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளையையும் கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் கீழ்மாடியிலிருந்து ஒன்று. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் வீடு காலியாகவில்லை. முறைப்படி அனுமதி வாங்கி, ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டு, அதையே தொழிலாக்கிக்கொண்டார். ஆம்பிளை போய்ப் பிள்ளை பார்ப்பதா என்று சிலர் இழுத்தபோது அவருடைய மனைவி ஒரே போடாகப் போட்டார். "ஆஸ்பத்திரியில எனக்கு டியூட்டி, வீட்டுல அவருக்கு டியூட்டி. இதுல என்ன இருக்கு?"

அனுமதி கொடுக்கும் அலுவலகம், வீட்டில் பிள்ளை பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு செயலியில் குறிப்பு வைக்க வேண்டும் என்று சொன்னது. அதற்காக மாமா ஒரு டேப்லெட் வாங்கினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பக்கம். பக்கத்தின் அடையாளமாக ஒரு வட்டத்துக்குள் பிள்ளையின் முகம். தினமும் பிள்ளை என்ன செய்தது, அதில் என்ன கற்றுக்கொண்டது என்று சில வரி எழுதி, முடிந்தால் ஒரு படமும் போட வேண்டும். போட்ட மறு நிமிடம் பெற்றோர் தங்கள் போனில் பார்த்துவிடலாம்.

அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதிய முதல் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சு. 'மிகவும் சந்தோஷமாக இருந்தாள். தங்கமான பிள்ளை.' மேற்பார்வைக்கு வந்த மேடம் அவற்றைப் படித்துவிட்டு, சந்தோஷமாக இருந்தாள் என்பது நீங்கள் நினைத்துக்கொண்டது, கண்ணால் பார்த்தது என்ன என்று கேட்டார்.

"சிரிச்சா மேடம்."

"எதைப் பாத்து சிரிச்சா?"

மாமா யோசித்தார். "கரண்டியில அவ மூஞ்சி தலைகீழா தெரிஞ்சுது. அதைப் பாத்து. அப்புறம் கரண்டியைத் திருப்பினா, நேரா தெரிஞ்சுது. திரும்பத் திரும்ப அதையே பண்ணிட்டு இருந்தா."

"அதைத்தான் எழுதணும்."

அன்றிலிருந்து மாமாவுக்கு அதில் ருசி தட்டிவிட்டது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் சாப்பாட்டு இடைவேளையில் அதைப் படித்துச் சிரித்தார்கள். சிலர் மறுநாள் வந்து, அப்புறம் என்ன ஆச்சு என்று தொடர்கதை கேட்பதுபோல் கேட்டார்கள்.

அப்போது அவரிடம் இருந்தவர்கள் மூன்று பேர். பட்டாசு என்று பெயர் வாங்கிய நான்கு வயதுக்காரி. அவள் இருக்கும் இடத்தில் வேறு சத்தம் தேவையில்லை. பக்கத்தில் வந்து நின்றால்கூடத் தெரியாத பையன் ஒருவன், அவன் பூனை. நடை பழகிக்கொண்டிருந்த குட்டிப் பயலுக்குப் புள்ளி என்று பெயர்.

பூனையின் அம்மா பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். அப்பா சரக்குக் கப்பலில். பூனைக்கு நான்கு வயது ஆகப்போகிறது; வாயிலிருந்து ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை வந்தாலே அதிகம், அதுவும் கிசுகிசுப்பாக. காதையும் நாக்கையும் சோதித்த டாக்டர், ஒரு குறையும் இல்லை, அவன் வேகத்தில் பேசுவான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இருந்தாலும் பெற்ற மனம் கேட்குமா? தினமும் சாயங்காலம் வாசலில் நின்று, இன்றைக்கு ஏதாவது பேசினானா என்று கேட்டுவிட்டுத்தான் அவனைத் தூக்கிக்கொள்வாள்.

ஒருநாள் விடாமல் மழை. பால்கனிக்குப் போக முடியாத கடுப்பில் பட்டாசு ஸ்டூல் மேல் ஏறி நின்று, கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். கொடியில் துணி நனைகிறது, மாமா ஓடுகிறார், மாமா சட்டையும் நனைகிறது என்று எல்லாமே அவள் சொந்தச் சரக்கு. இதை விட்டுவிடக் கூடாது என்று மாமா டேப்லெட்டை எடுத்த நேரம் பார்த்துப் புள்ளி பாலைக் கக்கினான். அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, படமெடுக்கக் கை இல்லாமல், ஒரு விரலால் அவசர அவசரமாக எழுதினார். 'ஸ்டூல் மேல் நின்று சொந்தமாகக் கட்டிய பாட்டு. கொடித் துணி பற்றி. பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். நடுவில் நிறுத்தவே இல்லை.' அனுப்பிவிட்டுப் புள்ளியின் சட்டையை மாற்றப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பூனையின் அம்மா சிவந்த கண்ணும் சிரித்த முகமுமாக வந்து, மகனை அள்ளித் தூக்கி, "ரொம்ப நன்றிண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சம்பளம் ஏறியிருக்கும்போல என்று மாமா நினைத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு டேப்லெட்டைத் திறந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பட்டாசின் பாட்டு பூனையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அருகருகே இருந்த இரண்டு வட்டங்களில் விரல் மாறி விழுந்திருக்கிறது. கீழே, கப்பலிலிருந்து அப்பா எழுதியிருந்தார். 'எம் புள்ள பாடுறானா? இங்க எல்லாருக்கும் காட்டிட்டேன். அடுத்த தடவ ஒரு வீடியோ எடுங்கண்ணே.'

டியூட்டி முடிந்து வந்த மனைவியிடம் காட்டினார். அழித்துவிடலாமா, போனில் சொல்லிவிடலாமா என்று தவித்தார். மனைவி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் படித்துவிட்டுச் சொன்னார். "அழிச்சிட்டுச் சும்மா இருந்துடாதீங்க. போன்லயும் வேணாம். மருந்து மாறிப்போச்சுன்னா நாங்க ஆளைப் பாத்து நேராத்தான் சொல்லுவோம். காலையில அவ வந்ததும் சொல்லிடுங்க."

காலையில் சொன்னார். பூனையின் அம்மா செருப்பைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார், அவள் முகம் சட்டென்று வாடியதைத்தான் பார்க்க முடியவில்லை.

"நேத்து வீட்டுக்குப் போனதுலேர்ந்து பாடு பாடுன்னு கெஞ்சிட்டு இருந்தேண்ணா. வாயே திறக்கல. வெட்கப்படுறான்னு நினைச்சேன்."

"என் தப்புதாம்மா. அவன் அப்பாவுக்கும் நானே எழுதிடறேன்."

"எழுதுங்க." பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள். "சரி, பாடினது அவ. அந்த நேரத்துல இவன் என்ன பண்ணிட்டு இருந்தான்?"

மாமா, "அமைதியா இருந்தாம்மா" என்றார்.

"அது எனக்கே தெரியுமேண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

குத்திக்காட்டிச் சொன்னதல்ல அது. ஆனாலும் நாள் முழுக்க அவரை அரித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் தூங்கிய நேரத்தில் பூனையின் பக்கத்தைப் புரட்டினார். சாப்பிட்டான். தூங்கினான். அமைதியாக விளையாடினான். மறுபடியும் சாப்பிட்டான், தூங்கினான். பட்டாசின் பக்கமோ போய்க்கொண்டே இருந்தது. கரண்டி, பாட்டு, சண்டை, சமாதானம், சோப்பு நுரையில் தாடி. சத்தம் போட்ட பிள்ளையைத்தான் இத்தனை நாளும் எழுதியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வட்டம் மாறி விரல் பட்டது ஒரு நாள் பிசகு. இது அதைவிடப் பெரிய பிசகு.

மறுநாளிலிருந்து பூனையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தார். அதன் பலன், அவன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். பட்டாசு வந்து அவர் சட்டையை இழுத்தாள். "மாமா, அவனை முறைக்காதீங்க. பயப்படுறான்."

வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஆப்பிள் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தார்.

வாசலுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் ஷூ வைக்கும் அலமாரி ஒன்று இருந்தது. சாயங்காலம் மணி அடித்து அவர் கதவைத் திறக்கும்போது, வந்தவரின் பிள்ளையுடைய ஷூ ஏற்கெனவே மிதியடி மேல் தயாராக இருக்கும். பல நாளாக நடக்கிற விஷயம்தான். வீட்டு நிர்வாகம் முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டவள் பட்டாசு. இதுவும் அவள் வேலை என்று நினைத்து, பொறுப்புள்ள பிள்ளை என்று அவள் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தார். அன்று புள்ளியின் அப்பா வந்தபோது புள்ளியின் ஷூ மிதியடியில் இருந்தது. பட்டாசோ குளியலறையில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"இதை நீதானே எடுத்து வைக்கிற?" என்று அவளிடம் கேட்டார்.

"நான் இல்லையே. பூனைதான் தினமும் வைக்கிறான்."

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே மாமா."

அடுத்த நாள் சாயங்காலம் மாமா துணிக் கூடையை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மடிக்கிற மாதிரி உட்கார்ந்தார். பூனை தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று கையை நிறுத்தித் தலையைச் சாய்த்தான். மாமாவும் காதைத் தீட்டினார்; அவருக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பூனை எழுந்து போய்ப் புள்ளியின் ஷூவை எடுத்து, முன்பக்கம் கதவைப் பார்க்கும்படி வைத்துவிட்டுத் திரும்பினான். அதற்கப்புறம்தான் படியில் காலடி கேட்டது. மணி அடித்தது. புள்ளியின் அப்பா.

சற்றுக் கழித்து மறுபடியும் தலையைச் சாய்த்தான். எழுந்து அலமாரி வரைக்கும் போனான். நின்று கேட்டான். எதையும் தொடாமல் திரும்பி வந்து கட்டைகளிடம் உட்கார்ந்துவிட்டான். மணி அடித்தது. குழாய் பார்க்க வந்த பிளம்பர்.

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை உள்ளே விட்டார்.

நான்கைந்து நாள் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஒருநாள் டேப்லெட்டைத் துணிக் கூடைக்குள் சாய்த்து வைத்து வீடியோவும் எடுத்தார். பிறகு எழுதினார். கேட்டது, எழுந்தது, எடுத்து வைத்தது, பிளம்பருக்கு எடுக்காமல் வந்தது. கெட்டிக்காரன் என்றோ தங்கம் என்றோ ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

அன்று பூனையின் அம்மா அதை யாரிடமும் காட்டவில்லை. சாயங்காலம் கீழ்த்தளத்திலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, திருடிபோல அடிமேல் அடி வைத்து மாடி ஏறினாள். உள்ளே பூனை தலையைச் சாய்த்தான். அலமாரி வரை போய் நின்றான். பூனை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தன் ஷூவை எடுத்து மிதியடியில் வைத்தான்.

மாமா கதவைத் திறந்தார். மணிக்குக் கை நீட்டியபடி அவள் நின்றிருந்தாள். பூனை அவளுடைய வெறுங்காலைப் பார்த்தான், கையிலிருந்த செருப்பைப் பார்த்தான்.

"செருப்பு போடு" என்றான் கிசுகிசுப்பாக, கண்டிப்பாக.

அவள் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைக் கவனித்தாள். "இது கிலுங்கும்கிறதை மறந்துட்டேண்ணா" என்றாள்.

கப்பலிலிருந்து பதில் வர இரண்டு நாளாயிற்று. நான் வந்தால் என் காலடி அவனுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார். மாமா நேர்மையாகவே எழுதினார்: தெரியாது, வந்து பார்த்தால்தான் தெரியும்.

பூனைக்குப் பேச்சு ஒரே நாளில் கொட்டிவிடவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன, பெரும்பாலும் யாருக்காவது உத்தரவு போடும்போது. ஆனால் அவன் அம்மா வாசலில் கேட்கும் கேள்வி மாறியிருந்தது. இன்றைக்கு எதைக் காது கொடுத்துக் கேட்டான் என்று கேட்டாள். மாமாவிடம் சொல்வதற்கு ஏதாவது இருந்தது. லிப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று விரல் விட்டுக் காட்டினான். பால் பொங்குவதற்கு முன்னால் அடுப்பங்கரையைக் கை காட்டினான். தினமும் முதலில் அவன் பக்கத்தைத்தான் எழுதினார். தன் பக்கம் சின்னதாகிவிட்டது என்று பட்டாசு புகார் செய்தாள். அதையும் அவள் பக்கத்தில் எழுதினார்.

மழைக்காலம் முடிந்து அப்பா விடுமுறையில் வந்தார். முதல் நாள் சாயங்காலம் அவரே தனியாக மாடி ஏறி வந்தார். பூனை கேட்டான், எழுந்தான், அலமாரி வரை போனான், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான். கதவைத் திறந்தபோது அப்பா முதலில் பார்த்தது மிதியடியை. காலியாக இருந்தது. முகம் கொஞ்சம் தொங்கியது. மாமா, பிளம்பருக்கும் இதே மரியாதைதான் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். மறுநாளும் மிதியடி காலி.

மூன்றாம் நாள் பூனை தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டான். மெல்ல எழுந்துபோய் ஒரு ஷூவை எடுத்து வைத்தான். யோசித்தான். இன்னொன்றையும் எடுத்து வைத்தான்.

கதவு திறந்ததும் அப்பா மிதியடியிலேயே மண்டியிட்டு மகனுக்கு ஷூ மாட்ட ஆரம்பித்தார். இடது காலை நானே போட்டுக்கொள்வேன் என்று பூனை காலை இழுத்துக்கொண்டதால் அது முடிய வெகுநேரம் பிடித்தது. மாமா புள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். டேப்லெட் சமையலறை மேசையில் இருந்தது. போய் எடுத்துவரத் தோன்றவில்லை.