ஊர்ப் பெயர் இல்லாத ஆட்டம்

எங்கள் மாமா பாரிசில் தொடங்கிய எல்லே லீக் வளர்ந்து பெரிதானதா, அல்லது இரண்டாம் வருடத்திலேயே முடிந்துபோனதா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மைதானத்தில் வந்து நின்ற அணிகளைப் பார்த்தால் வளர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவிடம் கேட்டால், "உதெல்லாம் இப்ப என்னத்துக்கு?" என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவார்.

எல்லே தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெதுவாக எறியப்படும் டென்னிஸ் பந்தை மூங்கில் தடியால் ஓங்கி அடித்துவிட்டு, நட்டுவைத்த கம்பங்களைச் சுற்றி ஓடி வர வேண்டும். ஓடும்போது எதிரணி எறியும் பந்து முதுகில் பட்டுவிட்டால் ஆள் வெளியே. அமெரிக்கர்களின் பேஸ்போலுக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். ஊரில், யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூடங்களில் ஆடிய ஆட்டம். எண்பதுகளின் நடுவில் பாரிசின் லா ஷப்பல் பகுதிக்கு வந்து சேர்ந்த இளைஞர்களுக்கு, உணவகங்களில் கோப்பை கழுவிய நேரம் போக, மிச்சம் இருந்தது இதுதான்.

அப்போது எனக்கு எட்டு வயது. மேம்பாலத்தில் மெட்ரோ ஓடும் பெருந்தெருவுக்குப் பின்னால், ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள வீட்டில் இருந்தோம். மாமா, அம்மாவின் தம்பி, ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையில் மரக்கறி வாடினாலும் மாமாவின் பேச்சு வாடாது.

வருடத்தில் ஒரு நாள் ஊர்ச்சங்கங்கள் எல்லாம் சேர்ந்து விளையாட்டு விழா நடத்தும். அணிகள் ஊர்ப் பெயரில் இறங்கும். மாமாவின் ஊரைச் சேர்ந்தவர்கள் அப்போது பாரிசில் நான்கு பேர். அதில் ஒருவருக்கு முழங்கால் நோவு. இரண்டு வருடம் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்த மாமா, மூன்றாம் வருடம் தனியாக ஒரு லீக் தொடங்கினார். ஊர்ச்சங்கம் எதற்கும் கட்டுப்படாத லீக். அணிகள் கடைப் பெயரில். பலசரக்குக்கடை, வீடியோக்கடை, நகைக்கடை, தையற்கடை. எந்தக் கடைக்கும் யாரும் ஆடலாம். ஒரே ஒரு சட்டம்தான். மைதானத்தில் யாரும் யாரிடமும் ஊர் கேட்கக் கூடாது.

"ஊர் கேட்டால் ஆள் வெளியே," என்பார் மாமா. "பந்து பட்ட மாதிரித்தான்."

நடுவராக ஒரு புதுச்சேரிக்காரரைப் பிடித்தார். தபால் கந்தோரில் வேலை செய்தவர், எல்லேயை வாழ்க்கையில் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் ஊரின் பெயரும் அவருக்குத் தெரியாது என்பதே அவருடைய தகுதி. யாராவது ஆட்டமிழந்தால் கையைத் தூக்கி, வெளியே என்பதை "தெஓர்!" என்று பிரெஞ்சில் கூவுவார். அவ்வளவு மரியாதையாக வெளியே அனுப்பப்பட்டு எங்கள் ஆட்கள் பழகியிருக்கவில்லை.

மூங்கில் கிடைக்கவில்லை. முதலில் கொண்டுபோன, வீடு கூட்டும் தும்புத்தடி முதல் அடியிலேயே முறிந்தது. மாமா விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு பேஸ்போல் மட்டை வாங்கி, அதைச் சாறிக்கடைத் துணியில் சுற்றி ரயிலில் கொண்டுபோனார். சுற்றாமல் கொண்டுபோன ஒரு முறை டிக்கெட் பார்க்க வந்தவர்கள் எங்களை விட்டுத் தள்ளியே நின்றார்கள். பாரிசுக்கு வெளியே லா கூர்னெவ் பூங்காவில் ஞாயிறு காலைகளில் ஆட்டம் நடக்கும். தொப்பி போட்ட ஒரு பிரெஞ்சுக்காரர் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, மட்டையைப் பிடிக்கும் முறை பிழை, ஓடும் திசையும் பிழை என்று பொறுமையாக விளக்கினார். மாமா அவர் சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு, "இது எங்கட பேஸ்போல், முசியு," என்றார்.

ஞாயிறு காலை விளையாடினால் அரை நாள் சம்பளம் போய்விடும். அதனால் அந்த அரை நாளைக் கடைக்காரர் கொடுக்க வேண்டும் என்று மாமா ஏற்பாடு செய்தார். "நாங்கள் புரொஃபெசனல்," என்று தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னார். நல்ல அடிகாரனுக்குக் கடையில் வேலையும் படுக்க இடமும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. மாமாவின் கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகள்தான் படுக்கலாம். ஆகவே, மாமா கண்டுபிடித்து வந்த அடிகாரர் எங்கள் வீட்டுக் குசினியில் பாய் விரித்தார்.

இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். நான் அண்ணா என்று கூப்பிட்டேன். அதிகம் பேசமாட்டார். எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் போடும் வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார். அம்மா போடுவதைவிட அது நன்றாக இருந்தது, அதை அம்மாவே ஒத்துக்கொண்டார். ஆனால் மட்டையைக் கையில் எடுத்தால் வேறு ஆள். அவர் அடித்த பந்து பூங்காவின் குளத்தைத் தாண்டிப் போனதாக எனக்கு நினைவு. குளம் வரைக்கும் போயிருக்கலாம், எட்டு வயதுக்காரியின் கண் எதையும் கொஞ்சம் கூட்டியே பார்க்கும்.

"உவன் அடிச்ச பந்து பக்கத்து நகரம் பொபினியிலை விழுந்திருக்கும், போய் எடுத்துக்கொண்டு வாங்கோ," என்று வீடியோக்கடை அணியைப் பார்த்து மாமா கத்துவார்.

"நீங்கள் கடையிலை விக்கிற கத்தரிக்காயும் இப்பிடிப் பறந்தால் நல்லது," என்று அங்கிருந்து பதில் வரும்.

அண்ணா சிரித்ததை நான் பார்த்தது அங்கேதான். அவருக்கு இந்த ஆட்டம் வேலை, கூரை, சாப்பாடு எல்லாம் என்பது எனக்கே தெரியும். ஆடாவிட்டால் மாமாவின் கடைக்கு இரண்டாவது ஆள் தேவையில்லை. அதற்கு மேலும் ஏதோ இருந்தது. ரயிலில் திரும்பி வரும்போது எல்லோரும் அவருடைய தோளில் கைபோட்டு வருவார்கள். அந்தக் கைகளை அவர் அவ்வளவு கவனமாகத் தாங்கிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் கோடைக்கு முன் லீக்குக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. தெருவில் எல்லாக் கடைகளுக்கும் சாமான் கொடுக்கும் மொத்தக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். பெரிய ஊர்ச்சங்கம் ஒன்றுக்கும் அவர்தான் தலைவர். அவருக்கு நகரசபையில் ஆட்களைத் தெரியும். அவர் சேர்ந்தால் ஒழுங்கான மைதானம், சீருடை, வெள்ளிக் கிண்ணம் எல்லாம் வரும். அவரோடு இன்னும் பல சங்கங்களும் வரும். அதைப் பேச ஒரு ஞாயிறு பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மாமாவின் கடைக்குப் பின்னறையில் அவரை உட்கார வைக்க முடியாது என்பதுதான் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த பெருமை.

அம்மா கதிரைகளுக்கு உறை மாற்றினார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். மொத்தக்கடைக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நான் சொன்ன ஒரு தமிழ்ப் பாட்டைக் கேட்டுவிட்டு, "கெட்டிக்காரி," என்று ஒரு சொக்கலேட் தந்தார். நல்ல மனிதர் என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அவரை வேறுவிதமாக நினைக்க வருவதில்லை, அதுவும் சரிதானா என்று தெரியவில்லை.

எல்லாம் நன்றாகப் போயிற்று. மைதானம், நேரம், கிண்ணம். அண்ணா தட்டத்தில் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"உவர்தான் எங்கடை அடிகாரன்," என்றார் மாமா.

"ஓமோம், கேள்விப்பட்டனான். இரும் தம்பி. நீர் ஊரிலை எவடம்?"

ஊர் கேட்கக் கூடாது என்ற மாமாவின் சட்டம், மைதானத்தில் இல்லாததால் இங்கே செல்லாது. அண்ணா ஊரின் பெயரைச் சொன்னார்.

"அட, எங்கடை ஊர்ப் பொடியனே. சந்தோசம். அங்கை எவடம்? கோயிலடியோ?"

"இல்லை ஐயா."

"அப்ப, பள்ளிக்கூடத்துப் பக்கமோ?"

"வாய்க்காலுக்கு அங்காலை, ஐயா," என்றார் அண்ணா. குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

மொத்தக்கடைக்காரர் தலையை ஆட்டினார். கையில் எடுத்த கோப்பையைக் குடிக்காமலே திரும்பத் தட்டத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் வானிலையைப் பற்றிப் பேசினார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, "நேரம் போட்டுது, பேந்து கதைப்பம்," என்று எழுந்தார். அண்ணாவுக்கும் ஒரு தலையசைப்புக் கிடைத்தது. கோபமோ கடுஞ்சொல்லோ ஒன்றும் இல்லை.

அவர் போனபின் நான் அந்தத் தேத்தண்ணீரை ருசி பார்த்தேன். சீனி போதாது என்று விட்டுவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். சீனி சரியாக இருந்தது. "அம்மா, சீனி அளவாத்தான் கிடக்கு," என்றேன். அண்ணா என் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டுபோய்க் கழுவினார்.

சில நாட்களில் மாமா செய்தி கொண்டுவந்தார். மொத்தக்கடைக்காரர் சேர்கிறார், மற்றச் சங்கங்களும் சேர்கின்றன. ஒரு சின்ன மாற்றம் மட்டும். கடைப் பெயரில் ஆடினால் வியாபாரம் போலத் தெரிகிறது, ஊர்ப் பெயரில் ஆடுவது எல்லோருக்கும் மரியாதை.

"நீ என்ன சொன்னனீ?" என்று அம்மா கேட்டார்.

"என்னத்தைச் சொல்லுறது அக்கா? ஒழுங்கான மைதானம். நூறு பொடியள் விளையாடப் போறாங்கள். நாலு கடையோடை எத்தினை நாளைக்கு இழுக்கிறது?"

பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "தம்பி, இந்த முறை நீர் நடுவரோடை நிண்டு உதவி செய்யுமன். பேந்து பாப்பம்," என்றார்.

அண்ணா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "என்ரை ஊருக்கு மொத்தக்கடை ஐயாவின்ரை அணிதானே அண்ணை இறங்குது?" என்றார். கேட்டாலும் அது கேள்வி போல இல்லை. மாமா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

அதே கிழமை அம்மா ஒரு புதுக் கோப்பை வாங்கி வந்தார். நீலப் பூப் போட்டது, எங்கள் வீட்டில் இருந்த எல்லாவற்றையும்விட வடிவானது. அது அண்ணாவுக்கு என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுதேன். "வடிவான கோப்பை அக்கா," என்றார் அண்ணா. அடுத்த நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கவில்லை.

அம்மா அதை எந்த எண்ணத்தில் வாங்கினார் என்று நான் இன்னும் கேட்கவில்லை. மனம் நொந்தவனுக்கு ஒரு நல்ல பொருள் கொடுக்க நினைத்திருக்கலாம். இனி வருகிறவர்கள், அவர் எந்தக் கோப்பையில் குடிக்கிறார் என்று கேட்டால் சொல்ல ஒரு வழி வேண்டும் என்று நினைத்திருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டையும் ஒருவர் நினைக்க முடியுமா என்பதும் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் தொடங்கு முன்னர் அண்ணா பாயைச் சுற்றி வைத்துவிட்டுத் தெற்கே ஏதோ நகரத்தில் வேலை கிடைத்ததாகச் சொல்லிப் போனார். அவர் போனது நல்ல வேலைக்கு என்று நான் வகுப்பில் பெருமையாகச் சொன்னேன்.

லீக் வளர்ந்தது. புல் வெட்டிய மைதானம், ஒலிபெருக்கி, வரிசை வரிசையாக ஊர்க் கொடிகள். மாமாவின் ஊரிலிருந்தும் போதிய ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். நடுவராக ஊரறிந்த ஒருவரைப் போட்டார்கள். அந்தப் புதுச்சேரிக்காரரை யாரும் கூப்பிடவில்லை. முதல் இறுதியாட்டத்தில் மொத்தக்கடைக்காரரின் அணி வென்றது. நான் தொண்டை கட்டும்வரை கைதட்டிக் கத்தினேன். பந்துகள் முன்போல் தூரம் போகவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. மைதானம் பெரிதாகிவிட்டதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகன். அவனுக்கு ஏழு வயது. அந்தப் போட்டியில் இப்போது சிறுவர் பிரிவும் இருக்கிறது, என் கணவரின் ஊர்ப் பெயர் போட்ட சட்டையோடு ஓடுகிறான். முதல் நாளே ஒரு பெரியவர் குனிந்து, "தம்பி எவடம்?" என்று கேட்டார். "லா கூர்னெவ்," என்று நாங்கள் இப்போது இருக்கும் இடத்தைச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் அதைத் தமிழர்கள் வணக்கம் சொல்லும் முறை என்று எடுத்துக்கொண்டுவிட்டான். வீட்டில் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, தமிழ்ப் பிள்ளைகள் யாரைக் கண்டாலும் போய், "நீங்கள் எவடம்?" என்று தெளிவாகக் கேட்கிறான். அவன் தமிழ் நல்ல தமிழ் என்று என்னைப் பாராட்டுகிறார்கள். போன ஞாயிறு புதிதாக வந்த ஒரு பையனிடம் கேட்டான். அந்தப் பையன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய தாய் வந்து கையைப் பிடித்து மறுபக்கம் கூட்டிப்போனார். நான் பின்னால் போக எழுந்து, திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

அப்படிக் கேட்காதே என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால், அவனுக்கு இதுவரை தெரியாத ஒன்றை நானே கற்றுக்கொடுத்தவளாகிவிடுவேன். சொல்லாமல் விட்டால் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருப்பான். இந்த வயதுப் பிள்ளைகள் உள்ளவர்கள் வாசித்தால், உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொன்னீர்கள், எந்த வயதில் சொன்னீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். வரும் ஞாயிறும் ஆட்டம் இருக்கிறது.