பேத்தை வெட்டாத கிறகோரி

சுவிஸின் டாவோஸில் ஒரு யப்பானிய உணவகத்தில் கிறகோரி வெட்டுவது சாதுவான ஒரு தட்டை மீன். அதைக் கண்ணாடிபோல மெல்லிசாகச் சீவித் தட்டில் செவ்வந்திப் பூவாக அடுக்குவார். யப்பானில் இதே பூவை நச்சுமீனில் செய்வார்கள். வெட்டுகிறவர் பிழைவிட்டால் தின்றவருக்கு முதலில் உதடு விறைக்கும், பிறகு மூச்சு நிற்கும். பரீட்சை எழுதி உரிமம் எடுத்தவர்தான் கத்தியைத் தொடலாம். சுவிஸ் சட்டமோ அந்த மீனை விற்கவே விடாது. ஆகவே இங்கே விருந்தாளிகள் சாவை விட்டுவிட்டுப் பூவை மட்டும் தின்கிறார்கள்.

கிறகோரிக்கு அந்த மீன் புதிதில்லை. மன்னாரில் அவருடைய ஊரான பேசாலையில் அதற்குப் பேத்தை என்று பெயர். வலையில் ஏறினால் வயிற்றை ஊதிக்கொண்டு கிடக்கும்; ஏசிவிட்டுத் தூக்கிக் கடலில் எறிவார்கள். அதை யப்பானில் வரிசையில் நின்று தின்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவர் நம்பவேயில்லை.

மனைவி அருள்மலர் இறந்துபோய் மூன்று வருடம். மாதத்தில் ஒரு ஞாயிறு நான்கு மணித்தியாலம் ரயிலில் இருந்து லாங்கன்தாலுக்குத் தமிழ்ப் பூசைக்குப் போவார். பூசை முடிய அவரவர் கொண்டுவந்த சட்டிகளை மண்டபத்தில் திறந்துவைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். சேர்ந்து என்பது பேச்சுக்கு. சோடியாக வந்தவர்கள் சோடியாகவே இருப்பார்கள். கிறகோரிக்குப் பக்கத்துக் கதிரையில் அவருடைய குளிர்ச்சட்டை இருக்கும்.

மாசி மாதம் பூசைக்கு வந்த சூசைநாயகம், மரியாதைக்கு அவரிடம் என்ன வேலை என்று கேட்டார். கிறகோரிக்கு என்ன பிடித்ததோ, பேத்தை வெட்டுவதாகச் சொல்லிவிட்டார். கதிரைகள் இழுபட்டன. பதினொரு பேர் சுற்றியிருந்து ஒரு மணித்தியாலம் கேட்டார்கள். அருள்மலர் போனபிறகு அவர் அவ்வளவு கதைத்ததில்லை.

பங்குனியில் தவக்காலம். இறைச்சியை விட்டவர்கள் மீனுக்கு அலைந்த நேரம். அப்படியிருந்தும் அவருடைய மீன்குழம்பில் போட்ட கரண்டி போட்டபடி கிடந்தது. அன்று கதை கேட்ட பதினொரு பேரில் பிலோமினா மட்டும் கிட்ட வந்தார்.

"அண்ணை, இது வீட்டுக் கத்தியோ, வேலைக் கத்தியோ?"

பதிலுக்குக் காத்திராமல் பருப்புப் பக்கம் போய்விட்டார்.

புளியும் உள்ளியும் அருள்மலரின் கணக்குப்படி போட்ட குழம்பு அது. அதைத் தனியே தின்று கிறகோரிக்கு அலுத்துவிட்டது. ஆட்களும் வேண்டும், அவர்கள் தன் சட்டியில் அள்ளவும் வேண்டும். உண்மையைச் சொன்னால் கதிரைகள் திரும்பிப் போய்விடும். போனால் போகட்டும் என்று சித்திரையில் முடிவெடுத்து, சூசைநாயகத்தைச் சட்டியடிக்குக் கூட்டிவந்தார்.

"நான் ஒரு நாளும் பேத்தை வெட்டினதில்லை. இஞ்ச அது தடை. அண்டைக்குச் சும்மா சொன்னனான்."

சூசைநாயகம் அவர் தோளில் தட்டினார்.

"எங்களைச் சாப்பிட வைக்கிறதுக்கு உப்பிடிப் பொய் சொல்லாதேங்கோ, அண்ணை."

ஊர் நம்பியது பொய்யை மட்டுந்தான். கிறகோரி சோற்றைப் போட்டு, குழம்பை நிறைய விட்டு, எல்லோருக்கும் முன்னால் சாப்பிடத் தொடங்கினார். பதினொரு கதிரைகளும் திரும்பவும் வந்தன, சற்றுத் தள்ளி. பிலோமினா தண்ணீர் கொண்டுவந்து, உதடு விறைக்குதோ என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் குரலில் இருந்த அக்கறையை அவர் மூன்று வருடமாகக் கேட்கவில்லை.

விறைக்கவில்லை என்றார். ஓரிருவர் எழும்பத் தொடங்கினார்கள்.

கிறகோரிக்கு வயிறு நிறைந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு கரண்டி விட்டுக்கொண்டார்.