ஒத்திகை பார்த்த கண்டுபிடிப்பு

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இன்னும் நன்றாகச் சொல்லிவிடுவார்கள். இலக்கண விதியை மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருடம் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவன், ஒரு நாள் அந்தக் கண்டுபிடிப்புக்கு ஒத்திகை வைத்தேன்.

தஞ்சாவூரில் ஒரு மாடியில் வகுப்பு. வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்சுகள் படித்தார்கள். நான் விதியைச் சொல்லமாட்டேன். போர்டில் நாலு வாக்கியம் எழுதி, "வினைச்சொல் எங்க நிக்குது, பாருங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். நான் வாயை மூடுகிற ஒரே இடம் அதுதான் என்பாள் என் மனைவி.

திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து வந்த ஆரோக்கியமேரிதான் கெட்டிக்காரி. அப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். அதற்கு நடுவில் படிப்பு. "ரெண்டாவது இடத்துல!" என்று மற்றவர்கள் கத்தும்போது அவள் மட்டும் யோசித்து, "கேள்வியா கேட்டாலும் அங்கதான் நிக்குமா சார்?" என்பாள். ஆமா, இல்லை என்று பதில் சொல்கிற கேள்வியில் நிற்காது, முன்னால் வந்துவிடும். அடுத்த வாரத்துக்கு நான் வைத்திருந்த பாடம் அது.

நர்சுகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலக மேனேஜர் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்றதும் முந்தின நாளே ஒத்திகை வைத்தேன். முடித்த பாடத்தையே புதுசு போல நடத்துவது என்று வைத்துக்கொண்டு, யார் எதை எப்போது 'கண்டுபிடிப்பது' என்று பங்கு பிரித்தேன். மேரியிடம், "நாளைக்கு ஒருநாள் ஒண்ணும் கேக்காதம்மா. குட்டையைக் குழப்பிராத" என்றேன்.

"சரி சார்."

மறுநாள் நான் இரண்டாவது வாக்கியத்தை முடிப்பதற்குள் முதல் பெஞ்சுப் பர்வீன் எழுந்து விதியைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒப்பந்தப்படி நாலாவது வரை பொறுத்திருக்க வேண்டும். மேனேஜர் கைதட்டினார். வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஆறு பேரை உடனே அனுப்பணும் சார். பேசுன ஆறு பேரையும் எழுதிக்கிட்டேன். அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணு என்ன, வாயே தொறக்கல?"

ஆள் கேட்டிருந்த ஆஸ்பத்திரியில் முப்பது வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். மேரிக்கு முப்பது ஆக இரண்டு மாதம்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் ஒத்திகை வெளியே வரும், என் வேலை போகும்.

"கொஞ்சம் கூச்ச சுபாவம் சார்" என்றேன்.

அதற்குப் பிறகு மேரி வகுப்புக்கு வரவில்லை.

இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: கேள்வி கேட்டுப் பாடம் நடத்துங்கள், ஆனால் உங்களிடமே திருப்பிக் கேட்கிற பிள்ளையைக் கண்டு பயப்படாதீர்கள். பயந்தால், மரியாதையாக விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

போன அறுவடையின்போது, ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் பைக்கோடு சறுக்கினேன். நெல்லுக்குச் சேதமில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் என்னைத் தூக்கினார்கள். கும்பகோணத்தில் ஒரு நர்சிங் ஹோமில் கட்டுப்போட வந்தது மேரி. அப்பா மாசியில் போய்விட்டாராம். அவ்வளவு சொல்லிவிட்டு, என் உள்ளங்கையில் புதைந்திருந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே.

"அன்னைக்கு என் பேச்சை மீறி நீ கேட்டிருக்கலாமேம்மா?"

"கையை ஆட்டாதீங்க சார்."