எழுபத்தொரு தடவை செத்தவன்

தாம் கய் எழுபத்தொரு தடவை செத்தான். கணக்கில் பிசகு இருக்காது. எல்லாவற்றையும் எழுதி வைத்தவள் நான்தான். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, கையில் நோட்டு, கழுத்தில் நேரம் பார்க்கும் கடிகாரம். பதினேழு வருடம் டைரக்டர் யிக்கின் படங்களில் எனக்கு அதுதான் வேலை. எந்த ஷாட், எத்தனையாவது டேக், யார் எந்தக் கையில் கத்தி பிடித்திருந்தார், யார் என்ன பேசினார், எல்லாம் என் நோட்டில் இருக்கும். லான் அக்காவின் நோட்டில் இல்லாதது நடக்கவே இல்லை என்று கேலி பேசுவார்கள்.

கய் எங்கள் செட்டுக்கு வந்தது நடிக்க இல்லை. கென்னடி டவுன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். ஒருநாள் காலை, சண்டைக் காட்சிக்காக இரண்டு வாளி பன்றி ரத்தம் கொண்டு வந்தான். துணை நடிகர்கள் இரண்டு பேர் விளையாட்டாக ஒரு வாளியைத் தட்டிவிட்டார்கள். கய் மற்ற வாளியைப் பத்திரமாகக் கீழே வைத்தான். பிறகு ஒருவனுடைய மூக்கை உடைத்தான், இன்னொருவனைத் தூக்கி மரக்கதவின் மேல் வீசினான். கதவு பிளந்து அவன் மறுபக்கம் போய் விழுந்தான். யிக்கின் வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். அவர் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

"இந்த மாதிரிதான்யா எனக்கு வேணும்! நீங்க இத்தனை நாளா தடவிக் கொடுத்துட்டு இருந்திருக்கீங்க. டேய் ரத்தக்காரா, நாளைக்கும் வா."

"நாளைக்கும் ரெண்டு வாளியா, சார்?" என்று கேட்டான் கய்.

"வாளி வேண்டாம். நீ வந்தா போதும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வருடத்தில் சண்டைகள் எல்லாம் கய்யின் பொறுப்புக்கு வந்துவிட்டன. யிக் வந்து, "மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள இவனைக் கொன்னு முடி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். யார் எங்கே நிற்பது, யார் பல் முதலில் தெறிப்பது, எந்த மேஜை உடைவது, கேமரா தரையில் இருக்க வேண்டுமா தோள் உயரத்திலா, எல்லாம் கய்தான். தன் ஆட்களுக்கு ஆபத்தானது எதையும் தரமாட்டான். அதைத் தானே வேறொரு வேஷத்தில் செய்து செத்துக் காட்டுவான். ஒரே படத்தில் ஐந்து தாடி ஒட்டி ஐந்து தடவை செத்திருக்கிறான். இடது காதில் பாதியை ஒரு வாள் கொண்டு போயிற்று. முன்பல் மூன்றை ஒரு இரும்புச் சங்கிலி. தோளோடு கை எலும்பு இரண்டு தடவை முறிந்தது. திரையில் மட்டும் முப்பது பெயர்ப் பட்டியலில் பதினெட்டாவதாக, கண் சிமிட்டும் நேரத்தில் ஓடிப்போகும் அவன் பெயர்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவன், கேமரா நிற்பதற்கு முன் கண்ணைத் திறந்து அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அப்புறம் கையில் காசு வைத்த சிவப்பு உறை கொடுப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அந்தச் சாவு அவனை விடாது. இதில் யாரும் விளையாட மாட்டோம். கேமராமேன் ஹோ, பிணம் சிரிக்கும்வரை கேமராவை நிறுத்தவே மாட்டார். டைரக்டர் தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்குக் காது கேட்காது.

படத்தை வெட்டி ஒட்டியது யிக்கின் மச்சான். மகா சோம்பேறி. எங்கே வெட்ட வேண்டுமோ அதற்கு அரைக்கால் விநாடி தள்ளித்தான் வெட்டுவான். அதனால் யிக்கின் எல்லாப் படங்களிலும் செத்துக் கிடப்பவன், ஷாட் முடியும்போது லேசாகக் கண்ணைத் திறப்பான். தியேட்டரில் விசிலடிப்பார்கள். "ஏய், பொணம் முழிச்சுக்கிச்சு!" படக் கம்பெனி முதலாளி மச்சானை இரண்டு தடவை அறைந்தார். அவன் திருந்தவில்லை.

இப்படி இருபத்திரண்டு படம் ஓடி முடிந்த பிறகுதான் லுய் வந்தார். முப்பது வயது, தடித்த கண்ணாடி, பாரிஸில் இரண்டு வருடம் சினிமா படித்தவர். நகர மண்டபத்தில் யிக்கின் படங்களை வரிசையாகத் திரையிடப் போகிறோம், அதற்கு ஒரு புத்தகம் எழுதுகிறேன் என்று என்னைப் பார்க்க வந்தார்.

"அக்கா, ஒரு படத்தை நூறு பேர் சேர்ந்து எடுக்கலாம். ஆனா அதோட ஆசிரியர் ஒருத்தர்தான். இருபத்திரண்டு படத்தையும் வரிசையாப் போட்டுப் பாத்தா அந்த ஒருத்தரோட கையெழுத்து தெரியும். யிக்கோட கையெழுத்து என்ன தெரியுமா? செத்தவங்க கண்ணைத் திறக்கிறாங்க. கொன்னவங்களை, நம்மளை, பாக்கிறாங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வழக்கத்தைச் சொன்னேன், மச்சானைச் சொன்னேன், கய்யைச் சொன்னேன். அந்த மனிதர் அசரவில்லை.

"தற்செயலா ஒரு தடவை நடக்கும். இருபத்திரண்டு படத்துலயுமா? நீங்க பக்கத்துலயே இருக்கிறதால உங்களுக்குத் தெரியலை."

சரிதான், படித்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். புத்தகம் வந்தது. யிக் அதை மூன்று தடவை படித்தார். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட ஆரம்பித்தார். "இந்த நாற்காலியை நகர்த்து" என்று சொல்வதற்கு முன்கூட ஒரு நிமிடம் வானத்தைப் பார்ப்பார். பிழைக்கத் தெரிந்த மனிதர், புத்தகம் தன்னைப் பற்றிச் சொன்னதைத் தானே நம்பிவிட்டார்.

நகர மண்டபத்தில் முதல்நாள் கய்யும் வந்தான். இருந்ததிலேயே நல்ல சட்டை. தன் சாவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தான். யாரும் விசிலடிக்கவில்லை. கோயிலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். படம் முடிந்து யிக்கும் லுய்யும் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது கய் எழுந்து நின்றான்.

"அந்தக் கண்ணு என்னோடதுங்க. அதுல செத்தவன் நான்தான். எல்லாச் சண்டையையும் போட்டதும் நான். சாகக் கூடாதுன்னு கண்ணைத் திறந்தேன், அவ்வளவுதான்."

கூட்டம் அன்பாகச் சிரித்தது. லுய் மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார். "உங்க உடம்பு இல்லாம இது இல்லை, ஐயா. ஆனா உங்க உடம்பு வழியா எழுதினவர் இவர். இருபத்திரண்டு படத்துலயும் இருக்கிறது ஒரே கை."

"அந்தக் கையைத்தான் ரெண்டு தடவை உடைச்சுக்கிட்டேன்" என்றான் கய். பிறகு யிக்கைப் பார்த்தான். "டைரக்டர், நீங்களே சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை."

யிக் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தார். "முதல் படத்துலேர்ந்தே நான் யோசிச்சு வெச்சதுதான் எல்லாம்" என்றார்.

கய் அந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்து மேடையிலிருந்து இறக்குவான் என்று நினைத்தேன். அவன் உட்கார்ந்துவிட்டான். வெளியே வரும்போது என்னிடம், "அக்கா, காது போச்சு, பல்லு போச்சு, அதுக்கெல்லாம் நான் ஒண்ணும் கேக்கலை. இது என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொன்னா அந்தாளுக்கு என்ன குறைஞ்சா போகும்?" என்றான்.

அடுத்த படத்துக்கு யிக் அவனைக் கூப்பிட்டனுப்பினார். தேநீர்க் கடை செட், மூன்று மாடி உயரம். கய் மேலிருந்து விழுந்து சாக வேண்டும். எப்போதும் அட்டைப் பெட்டிகளின் மேல் விழுவது ஒரு ஷாட், தரையில் செத்துக் கிடப்பது வேறு ஷாட். யிக்குக்கு இப்போது அது போதவில்லை. விழுவதும், சாவதும், கண்ணைத் திறப்பதும் வெட்டில்லாமல் ஒரே ஷாட்டில் வேண்டும். பெட்டி போட்டால் தெரிந்துவிடும். மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி வைத்தால் போதும் என்றார். கண்ணைத் திறந்து பத்து எண்ணும்வரை கேமராவை வெறிக்க வேண்டும், சிரிக்கவே கூடாது.

"சிரிக்கலைன்னா நான் செத்தவன்தான், டைரக்டர்."

"இது சும்மா பொணம் இல்லடா, இதுதான் என் மொத்தப் படமும். இதைச் செஞ்சு குடு. சண்டை அமைப்பு தாம் கய்னு தனியா, பெருசா திரையில போடறேன். நகர மண்டபத்துல நானே என் வாயால சொல்றேன், போதுமா?"

கய் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நான் குதிக்கிறேன்" என்றான்.

காலை பதினொரு மணி. முதல் டேக். மூங்கில் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து தோளில் விழுந்தான். தூசி அடங்கியது. கண்ணைத் திறந்தான். மூன்று எண்ணுவதற்குள் சிரித்துவிட்டான்.

"நாயே! சிரிக்காதேன்னு சொன்னேனா இல்லையா? மறுபடி!"

இரண்டாவது டேக்கில் விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வாயில் ரத்தம் நுரைத்தது. அவன் கண்ணைத் திறந்தான், ஏழுவரை தாக்குப்பிடித்தான், பிறகு ரத்தப் பல்லோடு சிரித்தான். யிக் ஓடிப்போய் அவனைக் காலால் உதைத்தார். உடைந்த பக்கத்திலேயே உதைத்தார். முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் "டேக் இரண்டு, சிரிப்பு" என்று நோட்டில் எழுதினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

"கய், வேண்டாம்டா. கீழே இரு" என்றேன்.

"இருக்கட்டும் அக்கா. இந்தத் தடவை சிரிக்க மாட்டேன்" என்று படியேறினான்.

மூன்றாவது டேக்கில் உடம்பு அவன் பேச்சைக் கேட்கவில்லை. மூங்கிலில் கால் மாட்டி, புரண்டு, முதுகும் பிடரியும் முதலில் தரையில் மோதின. யிக் உற்சாகமாகக் கத்தினார். "திற! இப்பத் திற! ஒண்ணு, ரெண்டு..." பத்துவரை எண்ணினார். கண் திறக்கவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். பாதி எண்ணும்போதே அவர் குரல் உடைந்தது. ஹோ கேமராவை நிறுத்தவில்லை, பிணம் இன்னும் சிரிக்கவில்லையே. யிக் எழுந்து கேமரா பார்க்கும் இடத்துக்குள்ளேயே ஓடினார். மண்ணில் முட்டி போட்டு, கய்யின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கத்தினார். அவர் சொன்னதையெல்லாம் நான் பழக்கதோஷத்தில் எழுதிக்கொண்டே இருந்தேன். பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கய் சாகவில்லை. பதினெட்டாம் நாள் நினைவு வந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. யிக் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்து, வாசலிலேயே நின்று பழக்கூடையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஷாட்டை அவர் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். படத்தின் கடைசி ஷாட்டாகவே வைத்தார். எங்கள் படங்களில் படப்பிடிப்பின்போது ஒலி கிடையாது. பிறகு என் நோட்டைப் பார்த்துத்தான் குரல் கொடுப்பவர்கள் வாயசைவுக்குப் பேசுவார்கள். அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யிக் நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "மகனே! என் மகனே!" என்று எழுதினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. கய்யிடமும் சொல்லவில்லை. சொன்னால், யிக்கை ஏன் அப்போதே தட்டிக் கேட்கவில்லை என்பானே என்று பயம்.

படம் நகர மண்டபத்தில்தான் முதலில் திரையிடப்பட்டது. கய்யைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். பெயர்கள் ஓடும்போது, வாக்குக் கொடுத்த அந்தத் தனிப் பெயருக்காக அவன் காத்திருந்தான். பதினெட்டாவதாக ஓடிப்போயிற்று. லுய் படம் தொடங்கும் முன்பே பேசிவிட்டார். கடைசிக் காட்சியில் ஆசிரியரே தன் படைப்புக்குள் நுழைந்து, தான் கொன்றவனுக்காக அழுகிறார், உலக சினிமாவில் இப்படி ஒரு கையெழுத்து இல்லை என்றார். யிக் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கடைசி ஷாட் வந்தது. கய் மேலிருந்து விழுந்தான். யிக் ஓடிவந்து முட்டி போட்டார். "மகனே! என் மகனே!" என்று யாரோ ஒருவருடைய கனத்த குரல் மண்டபம் முழுக்க அழுதது.

கய் என் மணிக்கட்டைப் பிடித்தான். இடுப்புக்கு மேலே அவனுக்கு இன்னும் கசாப்புக்காரன் பிடிதான். "அக்கா, வாய் அப்படி அசையலையே. அந்தாளு வேற என்னமோ சொல்றான். நீ அங்க இருந்தே. என்ன சொன்னான்?"

"அப்புறம் சொல்றேன்டா."

"இப்பவே சொல்லு, அக்கா."

நான் எழுந்தேன். திரையில் யிக்கின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அந்த வாயைப் பார்த்துக்கொண்டே, எழுதியிருந்த வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் என் முழுத் தொண்டையில் சொன்னேன்.

"எல்லாம் உன்னோடதுடா, கய்! சண்டை எல்லாம் நீ போட்டது! நான் டீ குடிக்கத்தான் போனேன்! எந்திரிடா, நான் ஊரைக் கூட்டிச் சொல்றேன், எந்திரி!"

வாயும் குரலும் அப்படியே பொருந்தின. திரையில் அந்த வாய் மூடிய இடத்தில்தான் நானும் நிறுத்தினேன். லுய் எழுந்து திரும்பி என்னைப் பார்த்தார். யார் யாரோ உட்காரச் சொன்னார்கள். முன்வரிசையில் யிக்கின் பிடரி மட்டும் அசையவில்லை.

கய் மணிக்கட்டை விடவில்லை. "இன்னொரு தடவை சொல்லு, அக்கா" என்றான்.