திரையில் எறிந்த உப்பு

பதுளையில் கூடாரம் போட்டுப் பயாஸ்கோப் காட்டிய நாட்களில், எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஆள் என்றார்கள். ஒல்லியான உடம்பு, இடுப்பில் ஒரு உப்பு முடிச்சு. தோட்டத்தில் அட்டை கடித்தால் வைப்பதற்கான உப்பு அது. டவுனிலும் அடிக்கடி குனிந்து கால்விரல் இடுக்குகளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

படத்தில் ஒரு டாக்டர் மருந்து ஊற்றி வளர்த்த அட்டை ரயில் அளவு பெருத்து, பல்லைக் காட்டிக்கொண்டு ஊரைத் துரத்தியது. என் ஆறு வயது மகள் கத்தவில்லை, மூச்சடைத்து விறைத்துப்போனாள். உலுக்கியும் அசையவில்லை. பெயரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டேன்.

முன்னால் இருந்தவர் திரும்பினார். "பயப்படாத பாப்பா, சுத்தப் பொய். அட்டைக்கு இம்புட்டுப் பல்லு ஏது? இப்படி ஓடவும் ஓடாது."

அப்போது அட்டை எங்கள் பக்கம் திரும்பியது. அவர் துள்ளி எழுந்து, முடிச்சை அவிழ்த்து, உப்பை அள்ளித் திரையில் வீசினார்.

"உக்காருய்யா!" என்று கூட்டம் கத்தியது.

"கிட்ட வருதுல்ல!" என்றார்.

திரை வெளுத்தது. படச்சுருள் அறுந்துவிட்டதாம். மகள் பெருமூச்சு விட்டாள்.

"செத்துருச்சா மாமா?"

"செத்துருச்சு பாப்பா."

வெளியே வந்ததும் கேட்டேன். "பொய்னு நீங்கதானே சொன்னீங்க, பிறகு எதுக்கு உப்பு?"

"பொய்தாங்க ஐயா. ஆனா அட்டையாச்சுங்களே," என்று குனிந்து விரல் இடுக்கைப் பார்த்தார்.

அடுத்த படத்துக்கு மகளோடு போனேன். கூடார வாசலில் நின்ற கூட்டம் முழுக்க அவரைத் தேடினேன். காணவில்லை. டிக்கெட் வாங்காமல் திரும்பிவிட்டேன்.