சிவப்பு மையில் அடித்த அண்ணன்

அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்தாறு. சொந்த ஊர் பாளையங்கோட்டை. இலக்கணத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அச்சாபீஸ் மாடியில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே பெஞ்சு போட்டு, பட்டாசுக் கம்பெனிகளின் விற்பனை ஆட்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பேன். ஆர்டர் பிடிக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போகிறவர்கள் பத்துப் பேர் வருவார்கள். சரக்கைப் பற்றிப் பேச அவர்களுக்கு நாலு வார்த்தை போதும். மீதியை விரலைக் காட்டியே முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த ஊர் ஏஜென்டுகள் முதலில் டீயைக் கொடுத்துவிட்டு, வீட்டில் யார் யார், கூட வந்திருப்பவர் யார் என்று விசாரிப்பார்களாம். அங்கேதான் நம் ஆட்கள் முழிப்பார்கள். அதனால் குடும்பம், நண்பர்கள் பற்றிப் பேசுவதிலிருந்தே தொடங்கினேன்.

அன்றைய பாடம், பக்கத்தில் இருப்பவரை அறிமுகப்படுத்துவது. எம். புதுப்பட்டிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த இளைஞர் எழுந்து, அருகில் இருந்தவரைக் காட்டி, “ஹி இஸ் மை எல்டர் பிரதர்” என்றார்.

அந்த அருகில் இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். வேறு கம்பெனி, வேறு ஊர், வேறு குடும்பம். போதாக்குறைக்கு, போன சீசனில் அவருக்கு வரவேண்டிய கல்கத்தா ஆர்டரை இந்த இளைஞர் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்று லேசான மனத்தாங்கல் வேறு. ஆனால் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கம் கடைகண்ணியில் வயதில் மூத்த எவரும் அண்ணாச்சிதான்.

“இவர் உங்கள் கூடப்பிறந்தவரா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். ஆனா அண்ணாச்சிதான.”

“அதெல்லாம் ஆங்கிலத்தில் செல்லாது. பிரண்டு என்று சொல்லுங்கள்.”

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. “பிரண்டா? நாளைக்கு இந்தப் பய தோள்ல கையப் போட்டுக்கிட்டு என்னப் பேரச் சொல்லிக் கூப்பிடுவான். அம்புட்டு எளக்காரமாப் போயிட்டனா சார்?”

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இளைஞரின் நோட்டை வாங்கி, அவர் எழுதி வைத்திருந்த எல்டர் பிரதரைச் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு அடித்தேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் கவனித்தேன், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தார்.

விடிந்ததிலிருந்தே வலியாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பெஞ்சிலேயே சுருண்டுவிட்டார். உள்ளூர் டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, குடல்வால் வீக்கம் போலிருக்கிறது, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். அச்சாபீஸ் முதலாளி தன் காரைக் கொடுத்தார். நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமத்திலிருந்த இளைஞரின் அப்பாவை அழைத்துவர, வகுப்பில் ஒருவர் பஸ் ஏறினார். அண்ணாச்சி யாரும் கேட்காமலே காரில் ஏறி, இளைஞரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏலே, விருதுநகர் தாண்டியாச்சுலே. இந்தா வந்திருச்சு, பொறுத்துக்கோலே” என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்த மாத்திரத்தில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். வெள்ளைக்கார நர்ஸம்மா ஒரு படிவத்தை நீட்டி, நெருங்கிய உறவினர் கையெழுத்து வேண்டும், நீங்கள் யார் என்று என்னை ஆங்கிலத்தில் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன், ஆசிரியர் என்று. அது போதாது என்று தலையை ஆட்டினார். அப்பா சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார் என்றேன். அதுவரை தாங்காது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. காலையில் அத்தனை சட்டம் பேசிய நான், படிவத்தை வாங்கி முதல் வரியிலிருந்து திரும்பத் திரும்பப் படித்தேன்.

அண்ணாச்சி என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார்.

“ஐ ஆம் ஹிஸ் எல்டர் பிரதர்” என்றார். கொஞ்சமும் திக்கவில்லை.

நர்ஸம்மா, நிஜமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டியவர் இந்த மனிதர்தான். அவர் அதை யோசித்ததாகவே தெரியவில்லை. நான் ‘எஸ்’ என்று தலையாட்டினேன். அண்ணாச்சி தமிழில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்றார் டாக்டர்.

நாலு மணிக்கு அப்பா வந்து சேர்ந்தார். தோட்டத்திலிருந்து அப்படியே கிளம்பியிருப்பார் போல, காலெல்லாம் கரிசல் மண். நர்ஸம்மா அவரிடம் ஏதோ சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார்.

“உங்கள் மூத்த மகன் உடனே கையெழுத்துப் போட்டதால்தான் பிள்ளை பிழைத்தான் என்கிறார்கள்.”

“மூத்த மகனா? எனக்கு ஒத்தைக்கு ஒரு மகன்ல சார்?”

நான் அண்ணாச்சியைக் காட்டினேன். அவர் தப்பு செய்துவிட்டவர்போல் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நின்றார். “கோவிச்சுக்கிடாதீக ஐயா. எனக்கு வேற வழி தெரியல” என்றார்.

பெரியவர் போய் அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“மூத்தவன்தான்னு அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க சார்.”

சொன்னேன். அன்று நான் பேசிய ஆங்கிலத்திலேயே முழு மனதோடு பேசியது அதுதான்.

இதற்குப் பிறகு இருவரும் ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த சீசனில் அதே கல்கத்தா ஏஜென்டிடம் முட்டி மோதினார்கள். அந்தத் தடவையும் இளைஞர்தான் ஆர்டரோடு வந்தார். அண்ணாச்சி ஒரு வாரம் அவரைத் திட்டித் தீர்த்தார்.

அதற்கெல்லாம் முன்னால், உடம்பு தேறி வகுப்புக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, இளைஞர் அந்த நோட்டை என் முன்னால் விரித்து வைத்து, “பிரண்டுன்னே எழுதிரவா சார்?” என்று கேட்டார். கண்ணில் குறும்பு. நான் பேனாவை எடுத்து, அடித்த இடத்துக்கு மேலேயே, அதே சிவப்பு மையில் எல்டர் பிரதர் என்று எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு முப்பது வருஷம் ஆங்கிலம் கற்பித்தேன். குடும்பத்தைப் பற்றிய பாடத்தில் யாராவது எழுந்து இவர் என் அண்ணன் என்று சொன்னால், கூடப்பிறந்தவரா என்று நான் கேட்டதே இல்லை.